மட்டையைப் போட்டுவிட்டு ஓடியவன்

டிசம்பரில் ஊருக்குப் போன முதல் நாள் காலையிலேயே என் மானம் போயிற்று. அந்தமானில் பெரார்கஞ்சில் எங்கள் வீடு, பின்னால் வயல். அறுவடை முடிந்து வெறும் தாள் நின்றது. காலாற நடக்கலாம் என்று வரப்பிலிருந்து இறங்கப் போனேன். கால் எடுத்து வைப்பதற்கு முன் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது, இடுப்பு தானாக வளைந்தது, வயலைப் பார்த்து நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்கு ஒரு கும்பிடு. அந்தப் பக்கம் மாடு கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வங்காளி மாசி கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார். "க்யா ஹுவா பேட்டா? கோயி மர் கயா க்யா?" யாராவது செத்துப் போய்விட்டார்களா என்று பதறுகிறார். யாரும் சாகவில்லை மாசி, மைதானத்துக்குள் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம் என்று இந்தியில் விளக்கினேன். மாசி வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள், ஜப்பானுக்குப் போன பையனுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்ற செய்தி கடைத்தெரு வரை போய் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல எங்கெங்கோ போய் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் வடக்கே, வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஒரு சின்ன ஊரில் நான் பேஸ்பால் ஆடுகிறேன். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. டிவியில் வரும் பெரிய லீக் அல்ல அது. அதற்கு வெகு கீழே, சின்ன ஊர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் லீக். நான் நிற்கும் இடத்துக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். ஓடுபவன் வரிசையாகத் தொட வேண்டிய மூலைகளுக்கு பேஸ் என்று பெயர்; அதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்க வேண்டும். அடித்த பந்து தரையோடு சீறி வரும். அதை அள்ளி, அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்வதற்குள் அங்கே நிற்கும் ஆளிடம் எறிய வேண்டும். அவ்வளவுதான் ஐயா. இதை ஒழுங்காகச் செய்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், தவறவிட்டால் ஊரே திட்டும். மருமகள் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வேலை எனக்கு எப்படி வாய்த்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லூரிக்காக மெயின்லேண்ட் போனேன். சென்னையில் கிரிக்கெட் அணியில் சேரப் போனால், வரிசையில் எனக்கு முன்னால் பாதி தமிழ்நாடே நின்றது. பக்கத்து மைதானத்தில் ஆள் பற்றாமல் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். "எறியத் தெரியுமா?" என்று அந்த கோச் கேட்டார். தெரியுமாவா? சின்ன வயதில் எங்கள் வயலுக்கு வரும் மாடுகளைக் கல்லெறிந்து விரட்டியே வளர்ந்தவன் நான். எறிந்து காட்டினேன், சேர்த்துக்கொண்டார். பிறகு பல்கலைக்கழக அணி, தேசிய அணிக்கான முகாம், அங்கே பயிற்சி கொடுக்க வந்த ஒரு ஜப்பானியக் கிழவர். அவர் நாள் முழுக்க எனக்குத் தரையில் பந்து அடித்துக்கொண்டே இருந்தார். நானும் பிடித்து எறிந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்த்தவர், "உன் கால் மோசம், கை பரவாயில்லை, வந்து பார்க்கிறாயா என்கிறார்" என்றார். அப்படித்தான் போனேன். கால் இப்போது பரவாயில்லை.

அங்கே என் முதல் ஆட்டத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சென்னையில் இதே விளையாட்டை நான்கு வருஷம் ஆடியவன்தான். ஆனாலும் பதற்றத்தில் உடம்பு பழைய கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. பந்தைத் தரையோடு நேராக எதிராளியின் கைக்கே தட்டிவிட்டேன். ரன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மட்டையை ஊன்றி, காலைப் பின்னிக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் எழுந்து கத்தினார்கள். நல்ல தடுப்பாட்டம் என்று பாராட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து மட்டையைத் தூக்கிக் காட்டினேன். பேஸ்பாலில் மட்டையில் பட்ட பந்து உள்ளே விழுந்தால் ஓடியே தீர வேண்டும்; செத்தாலும் ஓடிவிட்டுத்தான் சாக வேண்டும். அன்று மானேஜர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒரு மாதம், தட்டு, மட்டையைப் போடு, வலப்பக்கம் முதல் பேஸுக்கு ஓடு என்று அதையே செய்ய வைத்தார். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் மறுபடி முதலிலிருந்து. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் தொட்டில் பழக்கத்தை அந்த மனுஷர் ஒரே மாதத்தில் எரித்துவிட்டார்.

எனக்கு இப்போது முப்பத்தொன்று. ஷார்ட்ஸ்டாப் ஆடுபவனுக்கு அது நாற்பதுக்குச் சமம். வீட்டில் கல்யாணமாகாத பையனுக்கு அது ஐம்பதுக்குச் சமம். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே அம்மா ரங்கத் என்ற ஊரில் ஒரு பெண் பார்த்து வைத்துவிட்டாள். பெயர் கலைவாணி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்து, சுனாமிக்குப் பிறகு ரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பம் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தது. அப்பாவுக்குப் பெரார்கஞ்சில் மளிகைக்கடை. அந்தமானில் தமிழன் தமிழனுக்குப் பெண் கொடுப்பதென்றால் முதலில் எந்தக் கப்பலில் வந்தவன் என்று பார்ப்பார்கள். அதை எப்படியோ தாண்டிவிட்டோம். ஆனால் அதைவிடப் பெரிய கடல் ஒன்று குறுக்கே கிடந்தது. அதுதான் என் வேலை.

பெண் பார்க்கும் நாளன்று, விடிவதற்கு முன் பஸ் ஏறி, காட்டுப் பாதையில் வண்டிகளோடு வண்டியாக வரிசையில் போய், பஸ்ஸோடு படகிலும் ஏறி இறங்கி, மத்தியானம் ரங்கத் போய்ச் சேர்ந்தோம். கலைவாணியின் அப்பா மாரிமுத்து மாமா, சாலை வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். டீ வந்தது, முறுக்கு வந்தது, கேள்வியும் வந்தது.

"தம்பிக்கு என்னா வேல?"

"பேஸ்பால் ஆடுறேன் மாமா."

"அது டீக் ஹை, சரி. வேல என்னா?"

"அதான் மாமா வேலை."

மாமா எங்கள் அப்பாவைப் பார்த்தார். அப்பா வியாபாரி அல்லவா, சரக்கு போகாவிட்டால் வேறு சரக்கை எடுத்துக் காட்டுவார். "சீசன் இல்லாதப்ப ஆப்பிள் கம்பெனியில பேக்கிங் வேலையும் பாக்குறான்" என்றார். உண்மைதான். ஆட்டம் முடிந்ததும் இலையுதிர் காலத்தில் எங்கள் அணியில் பாதிப் பேர் ஆப்பிள் அடுக்கப் போவோம். மாமாவின் முகம் மலர்ந்தது. "அரே, அத மொதல்ல சொல்றதுக்கென்னா! ஆப்பிள் வேலன்னு சொல்லுங்க!" அன்றிலிருந்து ரங்கத் பஸ் ஸ்டாண்ட் முழுக்க நான் ஆப்பிள் மாப்பிள்ளை. ஜப்பானில் என் பெயர் போட்ட சட்டையைக் குழந்தைகள் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், இங்கே ஆப்பிள். என்ன சொல்ல!

கலைவாணி மட்டும் இதற்கு மயங்கவில்லை. பின்பக்கம் பாக்கு மரத்தடியில் எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். அவள் என்னை நேராகப் பார்த்து, ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் சொல்வது போல் நிதானமாகச் சொன்னாள். "எங்கப்பாவுக்கு ஆப்பிள் போதும். எனக்குப் போதாது. நீங்க என்னா செய்யிறீங்கன்னு எனக்கு விளங்கணும். விளங்காத ஒண்ணுக்கு என்னால சரின்னு சொல்ல ஏலாது." போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். அதில் நான் எறும்பு அளவுக்கு இருந்தேன். அவள் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு ரங்கத் மைதானத்தில் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் இருக்கிறது, எங்கள் தெரு அணிக்கு ஓர் ஆள் குறைகிறது, வந்து ஆடுங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றாள். அது வேறு விளையாட்டுங்க என்றேன். "பந்து இருக்கில்ல? மட்ட இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாக்கு மரத்தடியிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. இத்தனை வருஷத்தில் என்னிடம் வருமானம் கேட்டவர்கள் உண்டு, விசா கேட்டவர்கள் உண்டு. நீ செய்வது எனக்கு விளங்க வேண்டும் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அம்மாவிடம் சொன்னேன், இவள் வேண்டாமென்றால் எனக்கு வேறு பெண் பார்க்காதே என்று. அம்மா, "அப்ப ஒழுங்கா ஆடித் தொலை" என்றாள்.

ஆட்டத்தன்று சீக்கிரமே மைதானத்துக்குப் போனேன். ஜப்பானில் நாங்களே மண்ணைக் கிளறி, நாங்களே மட்டப்படுத்தி, நிற்கும் இடத்தில் கல் பொறுக்குவோம். ஒரு சின்னக் கல் போதும், பந்து அதில் பட்டுத் துள்ளிப் பல்லைப் பெயர்த்துவிடும். ரங்கத் மைதானத்தில் அதற்கு வஞ்சனையே இல்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் வந்தார். "குச் கோ கயா க்யா?" ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை, கூடவே குனிந்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆப்பிள் மாப்பிள்ளை நிச்சயதார்த்த மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் என்று மைக்கில் அறிவிப்பே வந்துவிட்டது. நிச்சயமே ஆகவில்லை, மோதிரத்துக்கு எங்கே போவது? ஆனால் கூட்டம் சேர்ந்து தேடியதில் என் இடம் சுத்தமாகிவிட்டது. நானும் மோதிரம் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

எதிரணி பகுல்தலாவிலிருந்து வந்த வங்காளிப் பையன்கள், நல்ல ஆட்டக்காரர்கள். முதலில் நாங்கள் பேட்டிங். நான் கடைசிக்கு முந்தின ஆளாக இறங்கினேன். மாமா மாட்டுச் சந்தைக்கு வந்தவர் போல் குடையை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கலைவாணி டியூட்டி முடிந்து சேலையோடு வந்து பின்னால் நின்றாள். எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்: டேய், இது கிரிக்கெட். மட்டையை விடாதே. நேராக ஓடு. மட்டையை விடாதே. பந்து வந்தது. அடித்தேன், பிரமாதமாகப் பட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்த அடுத்த நொடி எனக்கு ஒன்றும் தெரியாது. மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, வலது பக்கமாக, தலையைக் குனிந்துகொண்டு, உயிரே போகிற மாதிரி ஓடினேன்.

எதிரே என் ஜோடி ஆட்டக்காரர் பிட்சில் பாதி வந்து, நான் போகும் திசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்தத் திசையில் முதல் பேஸ் இல்லை, ஒரு டீக்கடைதான் இருந்தது. மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவர், "அரே பாயி சாப், கஹாங்? சாய் பீனே?" டீ குடிக்கவா போகிறீர்கள் என்று அலறினார். பகுல்தலா பையன்கள் தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு எழுந்து போய் ஸ்டம்பைத் தட்டினார்கள். அவ்வளவு அவகாசம் இருந்தது. டீக்கடைக்காரர் உண்மையாகவே ஒரு கிளாஸை நீட்டினார். வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்ய? மாமா குடையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வெயில் அந்தப் பக்கம் இல்லை.

திரும்பி நடந்து வரும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. ஜப்பானில் நான் ஓடாமல் நின்றதற்குக் கத்தினார்கள், ஊரில் நான் ஓடியதற்குச் சிரிக்கிறார்கள். அங்கே என்னை இந்தியன் என்பார்கள், ராமநாதபுரம் போனால் அந்தமான்காரன், பெரார்கஞ்சில் ஜப்பான்காரன். நான் போகிற இடமெல்லாம் என் உடம்பு மட்டும் முந்தின இடத்திலேயே நின்றுவிடுகிறது. சரி, ஃபீல்டிங் இருக்கிறதே, அதுதானே என் பிழைப்பு, அங்கே காட்டுகிறேன் பார் என்று வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக இறங்கினேன்.

காட்டவும் செய்தேன், பொய் சொல்லக்கூடாது. தரையோடு வந்த எதையும் விடவில்லை. வர்ணனைக்காரர் டீயை மறந்து, "க்யா பாத் ஹை" என்று புகழ ஆரம்பித்துவிட்டார். கடைசிப் பந்து. அவர்களுக்கு வேண்டியது இரண்டு ரன். அடித்தவன் என் இடது பக்கமாகத் தூரத்தில் தள்ளிவிட்டான். ஒரு ரன் முடித்து இரண்டாவதற்குத் திரும்பிவிட்டார்கள். ஓடிப்போய், சறுக்கி, வெறுங்கையால் அள்ளி, எழுந்திருக்காமலே கீப்பர் பக்கம் எறிந்தேன். என் வாழ்க்கையில் இப்படி எறிந்தது கொஞ்சம்தான். பந்து தரையைத் தொடாமல், ஸ்டம்புக்கு மேலே நெஞ்சு உயரத்துக்கு, கோடு போட்ட மாதிரி போயிற்று. ஓடி வருகிறவன் இன்னும் பாதி தூரத்தில் இருந்தான். எங்கள் கீப்பர் கணேசன், பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருப்பவர். பந்து வருவதைப் பார்த்தார். கையைத் தூக்கினார். கடைசி நொடியில், சடாரென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பந்து அவர் தலைக்கு மேலே போய், எல்லைக்கோட்டைத் தாண்டி, ஓர் ஆட்டோவின் மேல் மோதி நின்றது. கோப்பை பகுல்தலாவுக்குப் போயிற்று. நான் ஓடிப் போய், "என்ன அண்ணே, கைக்கே வந்துச்சே!" என்றேன். கணேசன் இன்னும் உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "தம்பி, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு!" என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமா குடையை மடித்துக்கொண்டு, "ஆப்பிள் வேலையையே பக்காவா புடிச்சுக்குங்க தம்பி" என்று ஆறுதல் சொன்னார். கூட்டம் கலைந்தது. பையைத் தூக்கினேன். எதிரே கலைவாணி வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை. "அங்க, உங்க ஊர்ல, நீங்க எறியிறப்ப யாரு புடிப்பாங்க?" என்று கேட்டாள். முதல் பேஸில் சாத்தோ என்று ஒருவன் நிற்பான், உயரமானவன், ஒரு காலை பேஸில் வைத்துக்கொண்டு கையை நீட்டுவான் என்றேன். "நீங்க ஒழுங்கா எறிவீங்களான்னு அவரு பாத்துட்டு நிப்பாரா?" இல்லை, நான் பந்தை எடுப்பதற்கு முன்பே அவன் போய் நின்றுவிடுவான், பந்து வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும், அவன் அங்கே நிற்பான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நான் பார்க்காமலே எறிகிறேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் என் வேலையை இவ்வளவு ஒழுங்காக நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் என் பையைக் காட்டி, அந்தக் கிளவுஸைக் கொடுங்கள் என்றாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். கிளவுஸை மாட்டிக்கொண்டு ஸ்டம்பு இருந்த இடத்தில் போய் நின்றாள். மாமா, "ஏம்மா, கையி போனா நாளைக்கு ஊசி யாரு போடுறது?" என்று கத்தினார். என் நிஜமான பேஸ்பாலை எடுத்து, கல்யாண வீட்டில் பழம் போடுவது போல் மெதுவாக ஒன்று எறிந்தேன். பிடித்தாள். முறைத்தாள். "இதுக்குத்தான் ஜப்பான்ல சம்பளம் குடுக்குறாங்களா?" கொஞ்சம் வேகமாக எறிந்தேன். பிடித்தாள். "கணேசன் அண்ணனுக்கு எறிஞ்ச மாரி எறியுங்க." ஷார்ட்ஸ்டாப் நிற்கும் தூரத்துக்குப் போனேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எறிந்தேன்.

அவள் அசையவில்லை. தோல் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பந்து கிளவுஸில் இருந்தது. பிறகு, "அய்யோ அம்மா! சாமி!" என்று கையை உதறிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுக் குதித்து வந்தாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். உள்ளங்கை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்ப விளங்குது" என்றாள்.

அப்போதே கேட்டுவிட்டேன், ஜப்பானுக்கு வருவீங்களா என்று. அவள் உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள். "வரல. பரீட்ச எழுதி வாங்குன வேல. விட்டுட்டு வந்து அந்தப் பனியில கைய கட்டிட்டு ஒக்கார என்னால ஏலாது." என் முகம் விழுந்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வரலன்னுதான் சொன்னேன். கல்யாணத்துக்கு மாட்டேன்னு சொல்லல. உங்களுக்குக் காலு ஓடுற வரைக்கும் அங்க ஆடுங்க. நா இங்க நிக்கிறேன். நீங்க பாக்காமலே எறியலாம்."

தை முடிவதற்குள் ரங்கத்தில் கல்யாணம். கணேசன்தான் பந்தி விசாரித்தார். அவர் கையில் சாம்பார் வாளி வந்தபோதெல்லாம் கூட்டம் அவரைக் கேலி செய்து குனிந்தது. அடுத்த மாதம் நான் பனிக்குத் திரும்பிவிட்டேன். கிளவுஸ் ரங்கத்திலேயே இருக்கிறது.

இங்கே இப்போது வசந்தம். மைதானத்தின் ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடக்கிறது. என் விடுதிக்கார அம்மாள் கல்யாணப் போட்டோவைப் பார்த்துவிட்டு, மனைவி எப்போது வருவார் என்று கேட்டார். வரமாட்டார் என்றேன். ஏதோ பெரிய சோகம் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் வைத்தார். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் இதை விளக்க முடியவில்லை, மீனைச் சாப்பிட்டுவிட்டேன். ஏக்கம் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. ஆனால் பேசாமல் போகிற நாள் இல்லை. நான் மைதானத்துக்குக் கிளம்பும் ஒன்பது மணி அவளுக்கு ஐந்தரை. தீவில் அதற்குள் நன்றாக விடிந்துவிடும். இன்று காலை வீடியோவில் வந்தாள். டியூட்டிக்கு முன் தெருப் பையன்களை எறியச் சொல்லிப் பிடித்துப் பழகுகிறாளாம், கணேசன் அண்ணனையும் உட்காராமல் நிற்க வைத்துவிட்டாளாம். இடது உள்ளங்கையைக் காமிராவுக்கு நேராகக் காட்டினாள். ஆள்காட்டி விரலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. நானும் என் கையைத் திருப்பிக் காட்டினேன். எனக்கும் அதே இடத்தில் அதே நீலம், பத்து வருஷமாக ஆறாதது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளுக்கு டியூட்டிக்கு நேரமாயிற்று, எனக்கு மைதானத்துக்கு நேரமாயிற்று.